இலையில்லாத காட்டை அளந்தவர்

குகநேசன் இறந்த செய்தி ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலை மலையில் எனக்குக் கிடைத்தது. தொலைபேசிக் கோபுரத்தின் அடியில் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கைத்தொலைபேசியில் ஒரேயொரு கோடு விழுந்தும் எழுந்தும் கொண்டிருந்தது. அது பேச்சு எடுபடாத இடம். எங்கள் வேன் ஓட்டுநர் சுனில் பல தடவை அழைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: "குகன் மஹத்தயா நெதி வுனா." குகன் ஐயா இல்லாமல் போய்விட்டார். ஒரு சாவைச் சிங்களத்தில் அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

பெட்டியைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி பஸ் பிடித்தேன். பெல்மதுளை வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. டெங்குக் காய்ச்சலாம். சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்தவர் அடுத்த சனிக்கிழமை இல்லை.

கேகாலைக் கிளையில் அவரோடு வேலை செய்தவர்களும், வெள்ளவத்தையில் அவர் வீட்டுக்குப் போய்வந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களில் பலருக்கு அவர் நல்ல மனுஷன் என்பது மட்டும் தெரியும். அப்படிச் சொல்லி ஒருவரை அனுப்பிவைப்பது மிகவும் சுலபம். அவர் என்ன வேலை செய்தார், அதில் என்ன பிழை விட்டார், அந்தப் பிழையை வைத்து என்ன செய்தார் என்பதையும் நான் எழுதப் போகிறேன்.

முதல் நாளே எங்களுக்குள் சரிவரவில்லை. நான் எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கோபுரம் ஏறும் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அவர் யாழ்ப்பாணத்தார், மொரட்டுவையில் படித்த பொறியியலாளர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கைகொடுத்த கையோடு, "நீர் தோட்டப் பக்கமோ? உம்மட தமிழ் இந்தியத் தமிழ் மாதிரி இருக்குது" என்றார்.

"உங்க தமிழு மட்டும் எந்தக் கடையில வாங்குனதுங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. பின்னேரம் தேநீர்க் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் கேட்டது பிழை என்றார். பிழை என்று சொல்ல அவருக்கு அதிக நேரம் எடுக்காது. அந்தக் குணம்தான் பிறகு அவருக்கு வினையாக வந்தது. அதற்குப் பிறகும் நான் அவருடைய தமிழை நக்கலடிப்பதை நிறுத்தவில்லை. "ஓம், ஓம்" என்று அவர் தலையாட்டுவதைக் கிளை முழுவதற்கும் நடித்துக் காட்டுவேன். அவரும் நின்று பார்த்துவிட்டு, "தலையை இன்னும் கொஞ்சம் சரிக்கோணும்" என்று திருத்திவிட்டுப் போவார்.

எங்கள் வேலை வேனில் போவது. நிறுவனம் அப்போதுதான் கம்பியில்லா புரோட்பேண்ட் சேவையைக் கொழும்புக்கு வெளியே கொண்டுவரத் தொடங்கியிருந்தது. வேனின் கூரையில் ஓர் அன்டெனா, உள்ளே மடிக்கணினி. வேன் நகர நகரத் திரையில் இருக்கும் வரைபடத்தில் புள்ளிகள் விழும். நன்றாக எடுக்கும் இடம் பச்சை, ஓரளவுக்கு மஞ்சள், எடுக்காத இடம் சிவப்பு. எங்கே கோபுரம் வைப்பது, அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளைப் பார்த்து முடிவாகும்.

கோபுரத் திட்டம் போடும் வரைபடம் வேறொன்று. அதில் நகரத்துக்கு ஒரு நிறம், வீதியோரக் குடியிருப்புக்கு ஒரு நிறம், தோட்டத்துக்குக் கடும்பச்சை. கடும்பச்சை என்றால் தாவரம். அங்கே ஆட்கள் இல்லை என்று கணக்கு. நான் பிறந்த லயம், என் அம்மா ரப்பர் பால் வெட்டிய மலை, நாங்கள் படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பச்சைக்குள் கிடந்தன. நூற்றைம்பது வருஷமாக இந்த நாட்டுக்கு உழைத்த சனத்தை ஒரு கணினி மரமாக எண்ணியது. குகநேசனிடம் இதைச் சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் வரைபடத்தைப் பெரிதாக்கி, லயங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். பின்னேரம் முழுவதும் நான் விரல் வைத்த இடங்களில் எல்லாம் அவர் வீட்டுக் குறி போட்டார். தலைமையகம் அவற்றை அழித்துவிட்டது. அவர் திரும்பவும் போட்டார்.

அவர் விளங்கப்படுத்தும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருப்பவனோடு கோபுரம் ஏன் மெதுவாகப் பேசுகிறது என்று ஒரு முறை கேட்டேன். காலை மூடுபனிக்குள் ஒரு தோட்டத்துப் பிரட்டுக்களத்தின் ஓரமாக வேன் நின்றது. வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அலையின் உயரத்தையும் அது தொடங்கும் இடத்தையும் மாற்றி மாற்றித்தான் செய்தி அனுப்புகிறோம் என்றார் அவர். ஒவ்வொரு மாற்றமும் களத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் மாதிரி. நாலு மூலைக்கு நாலு பேர் நின்றால், இந்தப் பனிக்குள்ளும் எந்த மூலையில் அசைகிறது என்று சொல்லிவிடலாம். அறுபத்து நாலு பேரை வரிசையாக நிறுத்தினால் ஒரே தடவையில் அதிகம் சொல்லலாம், ஆனால் பனி விலகியிருக்க வேண்டும். பனியில் யார் யாரென்று தெரியாது.

"அதால, தெளிவாக் கேக்கிறவனுக்கு அறுபத்து நாலு. கஷ்டப்பட்டுக் கேக்கிறவனுக்கு நாலு. ரெண்டு பேரையும் விடுறேல்லை" என்றார்.

சுனிலின் செய்தி ஓப்பநாயக்க மலைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு அந்தப் பிரட்டுக்களம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வருஷங்களில் ஒரு யாழ்ப்பாணத் தமிழன் அன்டெனாவோடும் வரைபடத்தோடும் மலைமலையாகத் திரிவது எப்படிப்பட்ட காரியம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிறுவனத்தின் கடிதம் இருந்தது. சுனில் இருந்தார். என் சிங்களம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். அவருக்கு வராது. அவிசாவளைப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் இளம் இராணுவச் சிப்பாய் ஒருவன் திரையில் புள்ளிகளைக் கண்டு துப்பாக்கியைச் சற்று உயர்த்தினான். "மேவா மொனவாத?" இதெல்லாம் என்ன? நான் வாய் திறப்பதற்குள் குகநேசன் தன் உடைந்த சிங்களத்தில் அவனிடம் கேட்டார், இந்தச் சாவடியில் இருந்து வீட்டுக்குப் போன் எடுக்க முடிகிறதா என்று. இல்லையென்றான் அவன். அவர் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, நீங்கள் நிற்கும் இடம் இதுதான் என்றார். வளைவுக்கு அப்பால் இருந்த மஞ்சள் புள்ளியைக் காட்டி, அங்கே போனால் எடுக்கலாம் என்றார்.

சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வளைவு வரை நடந்து போய், யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வந்தான். அவனுடைய அம்மாவாம். அதன் பிறகு அந்தச் சாவடியைக் கடக்கும்போதெல்லாம், எங்களுக்கு எப்போது பச்சை வரும் என்று அவன் கேட்பான். வேறு சாவடிகளில் நாங்கள் மணிக்கணக்கில் நின்றதும், அவர் காலணியைக் கழற்றி நின்றதும் உண்டு. அந்தக் கதைகளை அவர் வீட்டில் சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லவில்லை.

சோதனை அழைப்பு எடுக்கும்போது மற்றவர்கள் எல்லாம் "ஹலோ, ஹலோ" என்பார்கள். அவர் எப்போதும் கேட்பது "அங்க மழையோ?" என்றுதான். ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே இழுவை. எனக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, கோபுரமும் அப்படித்தான் செய்கிறது என்றார். செய்திகளுக்கு நடுவே, இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்த ஒரு குறியை அது ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தக் குறி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரியும். வந்து சேரும்போது அது எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்தால், வழி அதை என்ன செய்தது என்று அறியலாம். அறிந்துகொண்டால் மற்றச் செய்திகளையும் திருத்தி எடுக்கலாம்.

வீட்டுக்கு எடுத்தாலும் மகளிடம் அதையேதான் கேட்பார். மூன்று வயதுப் பிள்ளை ஆரணி. வெளியே என்ன மழை கொட்டினாலும் "இல்லை அப்பா, வெயில்" என்பாள். அவள் சொல்லும் விதத்தில் இருந்து, சாப்பிட்டாளா, அழுதாளா, தாயோடு கோபமா என்று அவர் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கேகாலையில் பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்புவார். கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். மனைவி மாலதி அக்காவும் மகளும் அங்கே, அவர் இங்கே. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மாற்றம்தான்.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். எஹலியகொடைக்கு மேலே, என் ஊரில் இருந்து இரண்டு மலை தள்ளி உள்ள ரப்பர் தோட்டம் அது. அதன் கீழ்ப்பிரிவு ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. எதிரே பெரிய பாறை. லயத்தில் யாருக்காவது ஆபத்து என்றால் தொழிற்சாலைக்கு ஏறி ஓடித்தான் லொறி கேட்க வேண்டும். நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்ய விரும்பியது. அங்கிருந்த பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், ஒரு புரோட்பேண்ட் பெட்டியும் தொலைபேசியும் வைப்பதாக முடிவாகியது. படம் எடுப்பதற்கு ஏற்ற காரியம். குகநேசனுக்கு அது படத்துக்கான காரியமாக இருக்கவில்லை. கடும்பச்சைக்குள் அவர் போட்ட வீட்டுக் குறிகளில் அழியாமல் மிஞ்சிய ஒன்று அதுதான்.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் பூமணியக்கா. முன்பு பால் வெட்டியவர், கை நோவால் இந்த வேலைக்கு மாறியவர். முதல் நாள் நாங்கள் அங்கே போனபோது, மேல் ரோட்டில் இருந்து ஒரு கங்காணி கீழே யாரையோ கூப்பிட்டார். அந்தப் பள்ளத்தில் கூப்பிடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சொல்லின் தலையை நீட்டி இழுப்பார்கள், பாறையில் பட்டு வரும் எதிரொலி அடங்கும்வரை பொறுத்து அடுத்த சொல்லைச் சொல்வார்கள். அவசரப்பட்டால் முதல் சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து இரண்டும் கெட்டுவிடும். குகநேசன் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். அலையும் மலையிலும் பாறையிலும் பட்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகிறது, எங்கள் கருவியும் ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஓர் இடைவெளி வைக்கிறது, அதை வெறுமையாக விடாமல் அந்தக் குறியின் வாலையே படியெடுத்து முன்னால் ஒட்டுகிறது என்று நடுரோட்டில் நின்று சொல்லத் தொடங்கினார். சுனில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இப்பிடி நின்னு நின்னு பேசுனா என்னைக்குங்க முடியிறது?" என்று பூமணியக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இடைவெளி விட்டால் வேகம் எப்படி வரும்?

குகநேசன் அவரிடம் திருப்பிக் கேட்டார், ஒரே மரத்தை ஆழமாக வெட்டி வேகமாகப் பால் எடுத்தால் என்ன நடக்கும் என்று.

"மரம் செத்துப்போகும். கங்காணி என்னைய சாகடிப்பாரு."

"அப்ப என்ன செய்வீங்கள்?"

"மலை முழுக்க மரம் இருக்குதுங்களே. ஒவ்வொன்னும் சொட்டுச் சொட்டாத்தான் வடியும். நேரத்துக்கு வாளி நெறஞ்சிரும்."

இதுவும் அதேதான் என்றார் அவர். ஒரே அலையில் வேகமாக அனுப்பாமல், நூற்றுக்கணக்கான சிறு அலைகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்புகிறோம். ஒவ்வொன்றும் மெதுவாகப் போவதால் எதிரொலி அடங்க நேரம் இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வருவதால் வாளி நிறைகிறது. பூமணியக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இதுக்கும் மழைக்கு வேலை இல்லாம போயிருமா?" என்று கேட்டார். மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பெப்ரவரியில் இறுதி அளவு எடுக்கும்போது நான் பலாங்கொடைப் பக்கம் வேறு வேலையில் இருந்தேன். குகநேசனும் சுனிலும் போனார்கள். கீழ்ப்பிரிவு முழுக்கப் பச்சைப் புள்ளி. பள்ளத்தில் அப்படி விழுந்தது தலைமையகத்துக்கே ஆச்சரியம். அவர் கையெழுத்து வைத்தார். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் கொழும்புக்கு மாற்றக் கடிதமும் வந்தது. ஆரணியைச் சேர்க்கப் பாலர் பாடசாலை கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

பெப்ரவரியில் அந்த மலையைப் பார்த்து அவர் சுனிலிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். பாவம், மரமெல்லாம் பட்டுப்போய்விட்டது, இவற்றை வெட்டிவிட்டால் இன்னும் நன்றாக எடுக்கும் என்று. சுனில் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்.

ரப்பர் மரம் வருஷத்துக்கு ஒருமுறை எல்லா இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் என்பது எங்கள் பக்கம் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். பனையும் வேம்பும் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அது செத்த காடு.

மே மாத மழையோடு முறைப்பாடு வந்தது. பெட்டியில் விளக்கு எரிகிறது, தொலைபேசி வேலை செய்யவில்லை. தலைமையகம் ஒரு வரியில் பதில் எழுதியது: லயத்து ஆட்களுக்குப் பெட்டியைப் பாவிக்கத் தெரியாது, போய்ச் சொல்லிக்கொடுங்கள். குகநேசனும் நானும் போனோம். பூமணியக்கா சிரிக்கவில்லை. முந்தைய கிழமை பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. அவர் தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"அந்தப் பெட்டி இல்லாட்டி மொதல்லயே ஓடியிருப்போங்க. அத நம்பி நின்னதுலதான் நேரம் போச்சி" என்றார்.

கம்பளியில் கட்டி மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். குழந்தை பிழைத்துவிட்டது. அது யாருடைய கெட்டித்தனமும் அல்ல.

குகநேசன் வெளியே வந்து மலையைப் பார்த்தார். பட்டப்பகலில் மரத்தடி இருட்டாக இருந்தது. இலையெல்லாம் தண்ணீர்.

"ஐசே மோகன், இந்த மரமெல்லாம் எப்ப நட்டவை?"

"எங்க அப்பா சின்னப் பையனா இருக்கக்குள்ள."

"அப்ப பெப்ரவரியில நிண்ட மரம்?"

"இதேதாங்க."

நான் விளங்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவர் வேன் படியில் உட்கார்ந்து, ஓர் இலையைப் பறித்துத் தன் விரலோடு வைத்து அளந்தார். எங்கள் அலையின் நீளமும் அந்த இலையின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. அலை அப்படிப்பட்ட இலையில் பட்டுத்தான் நன்றாகச் சிதறும். இலையில் உள்ள தண்ணீர் மிச்சத்தைக் குடித்துவிடும். ஒரு மலை முழுவதும் இலை. வேனை ஓட்டிப் பார்த்தோம். பெப்ரவரியில் பச்சையாக இருந்த பாதை முழுவதும் சிவப்பாக விழுந்தது.

"பள்ளிக்கூடத்தில ரப்பரைப் பற்றி ரெண்டு பக்கம் படிச்சனான். இலை கொட்டும் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி அவருக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார். காற்றில் அன்டெனாவின் கோணம் மாறியிருக்கலாம், திருத்தினோம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றார். குகநேசன் எழுந்து நின்று, கோணம் சரியாக இருக்கிறது, என் அளவுதான் பிழை, பெட்டியைப் பாவித்தவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை, இலைக்கு மேலே இருந்து பள்ளத்தைப் பார்க்க இன்னொரு நிலையம் வேண்டும் என்றார். பெப்ரவரியில் தான் வைத்த கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னாத்துக்குங்க அதச் சொன்னீங்க? அடுத்த மாசம் கொழும்புக்குப் போறவரு. கோணம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"கோணம் எண்டு சொன்னா, கோணத்தைத் திருத்திப்போட்டு போயிடுவினம். மரம் அப்பிடியே நிக்கும். நான் இலையில்லாத காட்டை அளந்தனான், மோகன். சனம் இலைக்குக் கீழ இருக்குது."

மாற்றம் நின்றுபோயிற்று. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கள அனுபவம் தேவை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது, பாறையின் மேல், பள்ளத்தைப் பார்த்தபடி. அதை நிறுவி முடிக்க இந்த வருஷம் ஜனவரி ஆகிவிட்டது. பெப்ரவரியில் அளந்து ஒப்படைத்துவிடுங்கள் என்று மேலிடத்தில் இருந்து நெருக்கினார்கள். ஒப்படைத்தால் அவருக்கு மாற்றம் திரும்பவும் கிடைத்திருக்கும். "இலை வரட்டும்" என்றார். மார்ச்சில் கேட்டார்கள். "இலை முற்றட்டும்" என்றார். கிளையில் பாதிப்பேர் அவரைப் பைத்தியம் என்றார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன்.

கடைசி அளவை எடுத்த கிழமைதான் யுத்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். எஹலியகொடையில் பட்டாசு வெடித்தது. வீதியில் மறித்து மறித்துக் கிரிபத், பாற்சோறு, கொடுத்தார்கள். எங்கள் வேனுக்குள்ளும் ஒரு தட்டு நீட்டினார்கள், நல்ல மனதோடுதான். குகநேசனின் அக்கா குடும்பம் வன்னியில் இருந்தது. மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அவர் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சுனில் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், வேனை எடுத்தார். தோட்டத்து ரோட்டில் திரும்பிய பிறகும் வெடிச்சத்தம் மலையில் பட்டுப் பட்டு வந்தது. "இவ்வளவு சத்தத்துக்குள்ள எங்கட ஒரு குரல் கேக்குதோ எண்டு பாக்கிறதுதானே எங்கட வேலை" என்றார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார்.

நாள்கணக்கில் மழையில், மரத்துக்கு மரம் நடந்து அளந்தோம். இலை முற்றி, நனைந்து, கனத்துத் தொங்கியது. லயத்தின் கோடி வரைக்கும் மஞ்சள் விழுந்தது. "பச்சை வேண்டாம், மஞ்சள் காணும். இதைவிட மோசமா இனி ஒருநாளும் இருக்காது" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

மழைநாளில் பால் வெட்ட முடியாது. பால் ஏந்த மரத்தில் கட்டிய சிரட்டைகளை அப்போது கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்க்க ஆள் போட்டால் அந்த ஆளுக்குப் பேர் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால் மலை முழுவதும் சிரட்டைகள் மழைத்தண்ணீர் ஏந்திக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவேதான் நாங்கள் நடந்தோம். அவரைக் கடித்தது எந்தக் கொசு, எந்த இடத்துக் கொசு என்று யாராலும் சொல்ல முடியாது. நான் குற்றப்பத்திரிகை எழுதவில்லை. அந்தச் சிரட்டைகளுக்குக் கீழேதான் வருஷம் முழுவதும் எங்கள் சனம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

கொழும்பில் உடலை வீட்டில் வைத்திருந்தபோது மாலதி அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மாற்றம் நின்ற அன்றைக்குப் போனில் அவரோடு சண்டை பிடித்ததாகச் சொன்னார். "இண்டைக்கும் எனக்குக் கோவம்தான் தம்பி. அவர் செய்தது சரி எண்டு எனக்குத் தெரியும். அதுக்காகக் கோவம் போகாது." நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் கோபம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளையில் அவருடைய மேசையில் உட்கார்ந்திருந்தேன். கொழும்பு பஸ்ஸுக்குப் போகுமுன் அவர் வழக்கமாகக் கீழ்ப்பிரிவுக்கு ஒரு சோதனை அழைப்பு எடுப்பார். அந்த நேரம்தான் அது. இலக்கத்தை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்பு பூமணியக்காவின் குரல், அச்சு அசலாக அவருடைய இழுவையில் கேட்டது:

"அங்க மழையோ, சேர்?"

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கும் அது பழகிப்போன விளையாட்டு. குரல் எங்கும் உடையவில்லை. அந்த மலை முழுக்க இலை, இலை முழுக்கத் தண்ணீர், அதற்குள்ளால் அவ்வளவு தெளிவு.

அவர் இல்லை என்பதை நான் சொன்னேன். இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தேன். அறவில்லை. பிள்ளைக்காம்பராவின் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு பூமணியக்கா கேட்டார், "இனி வெள்ளிக்கெழமைக்கு யாருங்க எடுப்பா?"

குகநேசனிடம் இருந்து என்னிடம் தங்கியவை இரண்டு. இலை கொட்டிய மாதத்தில் நான் எந்த ரப்பர் மலைக்கும் கையெழுத்து வைக்கமாட்டேன், யார் நெருக்கினாலும். மற்றது, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அந்த இலக்கத்தை அழைக்கிறேன். தோட்டத்துத் தமிழில் கேட்கலாம்தான். ஆனால் நான் நக்கலடித்த அந்தத் தமிழில், அந்த இழுவை மாறாமல்தான் கேட்கிறேன். அங்க மழையோ?